மேட்டுநாட்டுப் பிரதிநிதி மரல்மா

எங்கள் வீட்டு முற்றத்தின் மூலையில் இருக்கும் கழிவறைக் கதவில் 'நடுநிலைப் பகுதி' என்று எழுதி ஒட்டியது நான்தான். அதற்குக் கீழே, 'எந்த நாட்டுப் படையும் இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் தங்கக் கூடாது' என்று பேனாவால் சேர்த்தவள் என் அக்கா மரல்மா. தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அப்பா, "அப்ப நான் எந்த நாடு?" என்று அங்கிருந்தே கத்தினார்.

மரல்மா சர்வதேச உறவுகளும் அரசியலும் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு. எங்கள் மேட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் இறங்கினால் உலான்பாதர் நகரத்தின் நடுப்பகுதி; திரும்பி ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் நின்றபடியே படிப்பாள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். பள்ளியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். இப்போது தொழிற்பயிற்சி மையத்தில் வெல்டிங் கற்றுக்கொள்கிறேன். என் பெயர் துல்கூன். அமைதியானவள் என்று பொருள். பெற்றோர் செய்யும் தவறுகளுக்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல.

இந்தப் படிப்பு ஒரு மனுஷியை என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். இரவுச் சாப்பாட்டில் ஐந்து பூஸ் மிஞ்சினால் மற்ற வீடுகளில் எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஐந்து கறிக் கொழுக்கட்டைக்கும் முதலில் ஒரு மாநாடு நடக்கும்.

"நீயும் அம்மாவும் ஒரு கூட்டணி. அப்பா வல்லரசு. நான் நடுவுல மாட்டிக்கிட்ட சின்ன நாடு. சின்ன நாடு பொழைக்கணும்னா ரெண்டு பக்கமும் சிரிச்சிக்கிட்டே தூரத்துல ஒரு நண்பனைத் தேடணும்" என்று ஆரம்பிப்பாள்.

அவள் நண்பனைத் தேடி முடிப்பதற்குள் நான் நான்கைத் தின்றிருப்பேன். ஐந்தாவதை அவள் தட்டில் வைத்துவிடுவேன். அதற்கு மனிதாபிமான உதவி என்று பெயர், அவளே சொல்லிக்கொடுத்தது.

தண்ணீர் நிலையத்துக்குப் போய்க் கேனை வண்டியில் வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு வரும்போது ஆப்பிரிக்க நாடுகளின் தலைநகரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு தள்ளுக்கு ஒரு தலைநகரம். பக்கத்து முற்றத்து ஓச்சிர் மாமா அதை ஏதோ மந்திரம் என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நின்றார். அவள் "பமாக்கோ" என்று மூச்சிரைக்க முடித்ததும் அவரும் கண்ணை மூடி "பமாக்கோ" என்றார். அவருக்கு அது மந்திரம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்த வருடம் அவர் முட்டிவலி குறைந்துவிட்டதாம்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பா ஒரு மிட்டாயின் மேல் பழி போடுவார். அப்பா தெற்கு ரோட்டில் நிலக்கரி லாரி ஓட்டுகிறார். மரல்மாவுக்குப் பன்னிரண்டு வயதில், கோடை விடுமுறையில், அவளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு சீன எல்லைக்குப் போனார். எல்லை வாயில் மூடியிருந்தது. நான்கு நாள் வரிசையில் கிடந்தார்கள். ஐந்தாம் நாள் காலை இவள் இறங்கி, லாரிகளைத் தாண்டித் தாண்டி நடந்து, வாயிலில் நின்ற அதிகாரியிடம் போய், "இது ஏன் மூடியிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சட்டைப்பையில் துழாவி ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார்.

"பதில் குடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்பார் அப்பா. "மிட்டாயக் குடுத்துட்டான் பாவி. இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கா."

அப்பா கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம், அவ்வளவுதான். மார்ச் மாதம் ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே நின்று சொன்னார்.

"டவுன்லேர்ந்து ஒருத்தன் வண்டில வந்தேன். டாக்ஸி ஓட்றான். உன் படிப்புதான் படிச்சிருக்கானாம். வழி பூரா உலகத்தையே தீர்த்து வெச்சான் மரல். நம்ம வீட்டுக்குத்தான் அவனுக்கு வழி தெரியல."

"எல்லாரும் டாக்ஸி ஓட்றதில்லப்பா."

"ஓட்றது கேவலம்னு சொல்லல. நானும் ஓட்றவன்தான். ஓட்றதுக்கு நாலு வருஷம் எதுக்குப் படிக்கணும்னு கேக்கறேன்."

பிறகு பெரியப்பாவின் பேச்சு வந்தது. பெரியப்பா தெற்கே சுரங்க ஊரில் லாரிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் அலுவலகம் ஒன்றில் மேலாளர். சீன மொழி தெரிந்த ஆள் வேண்டுமாம்; அக்கா அதையும் பாடமாகப் படித்தவள். நிரந்தர வேலை, தங்க அறை, மூன்று வேளை சாப்பாடு. மரல்மாவுக்காக ஜூன் முதல் தேதிவரை இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்.

அக்கா அப்போதுதான் தன் துறையில் நடக்கும் தேர்வைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் மூன்றாம் ஆண்டு மாணவர்களில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து வெளியுறவு அமைச்சகத்தில் கோடைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து ஒரு பொய்ப் பேச்சுவார்த்தை நடத்தி, அதில் அதிக மதிப்பெண் வாங்குகிறவருக்கு அந்த இடம்.

அப்பா யோசித்தார். "சரி. அது கெடச்சா நீ கடைசி வருஷமும் படி, நான் வாயே தெறக்க மாட்டேன். கெடைக்கலன்னா ஜூன் ஒண்ணாம் தேதி என் லாரில ஏறிடணும்."

"சரிப்பா" என்றாள். வேறு என்ன சொல்வாள்? பெரியப்பாவின் வேலைக்குப் போனால் வருடம் முழுக்க அங்கேதான். படிப்பு கடைசிப் படியில் காலை வைக்காமலே நின்றுவிடும்.

தேர்வை நடத்தும் பேராசிரியர் ஜம்ஸ்ரான் சார் வரைந்து கொடுத்த பொய் உலகத்தில் இரண்டு நாடுகள் இருந்தன: மேட்டுநாடு, பள்ளநாடு. நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். பள்ளநாட்டுப் படை பாலத்தின் மேல் நிற்கிறது. மேட்டுநாட்டு மந்தைகள் குளிர் வருவதற்குள் பாலத்தைக் கடந்தாக வேண்டும், கடக்காவிட்டால் செத்துப்போகும். இரண்டு நாட்டுக்கும் பேச்சு கிடையாது, தூதரகம் கிடையாது. மரல்மா மேட்டுநாட்டின் பிரதிநிதி. அவளுக்கு அவள் அரசாங்கம் ஐந்து அறிவுறுத்தல்கள் கொடுத்திருந்தது. மூன்றாவது: 'பாலத்திலிருந்து படை விலகும்வரை பள்ளநாட்டுப் பிரதிநிதியோடு கை குலுக்கக் கூடாது.'

பயிற்சி செய்ய எதிராளி தேவைப்பட்டது. நான் பள்ளநாடு ஆனேன்.

பதினோரு நாள் பேசினோம். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவள், மறு பக்கம் நான். அவள் அழகாகத்தான் பேசுவாள். அழகாகப் பேசுகிறவர்களைக் குலைக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். அவள் ஒரு நல்ல வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது மேஜைக்குக் கீழே அவள் காலை மிதிப்பேன்.

எங்கள் ஊரில் ஒருவர் காலை மிதித்துவிட்டால், மிதித்தவர் அந்த நொடியே கை நீட்ட வேண்டும். மிதிபட்டவர் அதைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் பகை மூண்டுவிடும். பேருந்து நெரிசலில் முகமே தெரியாதவர்கள்கூட ஒருவர் இடுக்கில் ஒருவர் கையை விட்டுத் தேடிப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நான் மிதித்துவிட்டுக் கையை நீட்டியதும், என்ன வாக்கியமாக இருந்தாலும் அவள் அப்படியே நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாக வேண்டும்.

"ஏய் கழுதை, வேணும்னே மிதிக்கிறே."

"பள்ளநாடு அதை மறுக்குது."

"இன்னொரு தடவ மிதிச்சே, உன் ஃபோனுக்கு இன்டர்நெட் கட்."

"பொருளாதாரத் தடையா? அம்மா, பாத்தியா, சின்ன நாட்டுமேல தடை போட்றா!"

"ரெண்டு நாடும் வந்து பாத்திரத்தக் கழுவுங்க" என்றாள் அம்மா. பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் இருநூறு பிள்ளைகளின் சண்டையைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இரண்டு நாடு எம்மாத்திரம்?

நான்காம் நாளிலிருந்து அவளும் மிதிக்க ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்தால் மிதி, உடனே கை. மிதி, கை. ஒரு வாரத்தில் கீழே கால் பட்டதும் மேலே கை தானாகக் கிளம்பியது. பிறவியிலேயே இருக்கிற பழக்கம்தான். நான் அதைச் சூடாக்கிப் பற்றவைத்துவிட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதுவரை நான் போட்ட வெல்டிங்கில் ஒன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை.

தேர்வு நடந்த சனிக்கிழமை காலையில் மண்காற்று அடித்தது. வீட்டார்களும் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்ததால் நாங்கள் மூன்று பேரும் போனோம். அம்மா தன்னுடைய பட்டுத் தெல் அங்கியைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் மண் படாமல் இருக்கப் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு பேருந்தில் வந்தாள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கம் சோத்பிலெக். அக்காவின் வகுப்பிலேயே கெட்டிக்காரன். நல்லவனும்கூட என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது; வந்ததும் என் அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அவனிடம் ஒரே குறை, கால். உட்கார்ந்தால் அவன் கால்கள் எப்போதும் பக்கத்து நாட்டில்தான் இருக்கும். அவ்வளவு நீளம்.

ஜம்ஸ்ரான் சார் இருவருக்கும் நடுவில், ஒரு பிளாஸ்க்கையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருடம் வெவ்வேறு தூதரகங்களில் இருந்தவர். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் துறையில் இல்லை.

"தொண்ணூறு நிமிடம்" என்றார். "ஆரம்பியுங்கள்."

அக்கா நன்றாகவே ஆரம்பித்தாள். பள்ளநாடு படையைப் பற்றிப் பேச மறுத்தது. மேட்டுநாடு மந்தையைப் பற்றி மட்டுமே பேசுவேன் என்றது. அரை மணி நேரம் இருவரும் ஒரே கதவை இரண்டு பக்கமும் இருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் அப்பா காய்ந்த தயிர்க்கட்டியைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அவர் விலாவில் இடித்தாள்.

அப்போது அக்கா வரைபடத்தைக் காட்டுவதற்காக முன்னால் சாய்ந்தாள். நான் இருந்த இடத்திலிருந்து மேஜைக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது. அவள் குதிகால், சோத்பிலெக்கின் பளபளக்கும் காலணியின் மேல் இறங்கியது.

கால் பட்டது. கை கிளம்பியது. வலது கை நேராக நீண்டது. இடது கை முழங்கையைத் தாங்கியது. முகத்தில் மன்னிப்பு. பள்ளநாட்டின் பிரதிநிதியும் அதே வேகத்தில் எழுந்து, முழங்கையைத் தாங்கி, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது, தாங்கள் என்ன செய்கிறோம் என்று. பிடித்த கை பிடித்தபடி சிலைபோல் நின்றார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "கல்யாணம் எப்போ?" என்றான். கூடம் வெடித்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

சார் பென்சிலை எடுத்தார். "மேட்டுநாடு. உங்கள் மூன்றாவது அறிவுறுத்தலைப் படியுங்கள்."

அக்கா படித்தாள்.

"பத்து மதிப்பெண் கழிவு" என்று எழுதினார். "தொடருங்கள்."

அவள் உட்கார்ந்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். வீட்டில் கடைசி பூஸுக்காக வாதாடும் முன் செய்வாளே, அதே ஒதுக்கல்.

"கூட்டக் குறிப்பில் ஒன்று சேர்க்க வேண்டுகிறேன்" என்றாள். "சற்று முன் என் நாடு உங்கள் நாட்டுக்குக் கை கொடுக்கவில்லை. என் கால் உங்கள் காலிடம் மன்னிப்புக் கேட்டது. இரு அரசாங்கங்களின் நிலைப்பாட்டையும் அது எந்த வகையிலும் மாற்றாது."

சோத்பிலெக் ஒரு கணம் யோசித்தான். "பள்ளநாட்டின் கால் அதை ஏற்றுக்கொண்டது. அதையும் குறிப்பில் சேர்க்கலாம்."

"அப்படியென்றால்," என்று அக்கா மெதுவாகச் சொன்னாள், "மற்றதையும் கால்களே பேசட்டுமே. நாடும் நாடும் பேச வேண்டாம். இந்தக் கரை மேய்ப்பர்களும் அந்தக் கரை மேய்ப்பர்களும் பேசட்டும். இரண்டு பக்கத்து மாட்டு வைத்தியர்களும் கூட இருக்கட்டும். கொடி வேண்டாம், முத்திரை வேண்டாம். ஐந்து நாள் மந்தை கடக்கும். அந்த ஐந்து நாளும் உங்கள் வீரர்கள் பாலத்தின் ஓரமாக நிற்கட்டும். விலகினார்கள் என்று நாங்கள் எங்கும் சொல்ல மாட்டோம்."

"ஓரமாக ஏன் நின்றார்கள் என்று எங்கள் தலைநகரத்தில் கேட்டால்?"

"மாடு முட்டும் என்று சொல்லுங்கள்."

ஜம்ஸ்ரான் சார் பிளாஸ்க்கைத் திறக்கப் போனவர் அப்படியே நிறுத்தினார். எழுபதாவது நிமிடத்தில் ஒப்பந்தம் முடிந்தது. அதற்கு முன் அந்தப் பாலத்தை வைத்துப் பேசிய ஆறு வருட மாணவர்களில் யாரும் மந்தையைக் கரை சேர்த்ததில்லையாம். எல்லா வருடமும் குளிரில் செத்துக்கொண்டே இருந்திருக்கின்றன, பாவம்.

முடிவைச் சார் அங்கேயே வாசித்தார். சோத்பிலெக் எண்பத்தெட்டு. மரல்மா எண்பத்தாறு.

கூடம் முனகியது. சோத்பிலெக் எழுந்து நின்றான். "சார், நானும் கை குடுத்தேன் சார். என் பேப்பர்லயும் கை குடுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. எனக்கும் கழிக்கணும்."

"நீட்டியவருக்குப் பத்து. பிடித்தவருக்கு ஐந்து. உன் ஐந்தை அப்போதே கழித்துவிட்டேன். உட்கார்."

அவன் உட்கார்ந்தான். அக்கா அவனுக்குக் கை கொடுத்து வாழ்த்தினாள். அப்போது எந்த அறிவுறுத்தலும் தடுக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கியபின்தான் வாயைத் திறந்தார். "பெரியப்பாக்கு ஃபோன் பண்ணி சொல்லிடறேன். ஒண்ணாம் தேதி."

அக்கா தலையாட்டினாள்.

மேட்டில் ஏறும்போது அவளுக்குப் பக்கத்தில் போனேன். "அக்கா."

"ம்."

"அது என்னாலதான். பதினோரு நாள் மிதிச்சு மிதிச்சு..."

"தெரியும்."

"திட்டேன்."

"எதுக்கு? ஊர்ல எல்லாருக்கும் இருக்கிற கைதான்." கொஞ்ச தூரம் நடந்தாள். "ஆனா மாடு முட்டும்னு சொன்னேன் பாத்தியா, அது நல்லா இருந்திச்சில்ல?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மாலை அவள் கேட்காமலே தண்ணீர் எடுத்துவரப் போனேன். தள்ளும்போது தலைநகரம் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது பமாக்கோ ஒன்றுதான். மேடு முழுக்க அதையே சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கறி போட்டு நூடுல்ஸ் வதக்கியிருந்தாள். அப்பா மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். யாரோடும் பேசக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு, இரண்டு காலையும் அதற்கு அடியில் மடக்கிவைத்துக்கொள்வார். தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார்.

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு மேஜைக்குக் கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் படிக்காதவள்தான். ஆனாலும் அந்தப் பார்வையைப் படிக்கத் தெரியும். துணியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "என்னம்மா இது, மேஜையெல்லாம் எண்ணெய்!" என்று துடைக்க ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்க மேஜை அப்பாவின் பக்கமாக நகர்ந்தது. நான் இதுவரை அந்த மேஜையைத் துடைத்ததே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அவள் தன் பக்கத்து மேஜைக் காலையும் தூக்கி நகர்த்திவிட்டாள். கூட்டணி என்றால் அதுதான். மேஜை மடியில் இடித்ததும், இடம் பற்றாமல் அப்பா தட்டை அதன் மேல் வைத்துவிட்டுக் காலை நீட்டினார்.

அக்கா மிதித்தாள். ஓங்கி, கட்டைவிரல் மேலேயே.

"ஆ!"

அவள் கை நீண்டது. அப்பா வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்தார். குலுக்கினார். விடப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இப்ப பேசலாமாப்பா?"

அப்பா கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கால் குடுத்த கைதானே? நெலைப்பாட்ட மாத்தாதுன்னு நீதானே நேத்து சொன்னே?"

அம்மா சிரிப்பை அடக்கப் பால்தேநீர்க் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து தயிர்க்கட்டி மட்டும் கடிக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா, மாத்தாது" என்றாள் அக்கா. "அதனால அப்பாவும் பொண்ணும் பேச வேணாம். தெக்கு ரோட்டு லாரிக்காரர் ஒருத்தர்கிட்ட நான் சும்மா ரெண்டு கேள்வி கேக்கறேன்."

"கேளு."

"போன குளிர்காலத்துல எல்லை வாயில்ல எத்தனை நாள் நின்னீங்க?"

"பதினாறு."

"ஏன்?"

"எவனுக்குத் தெரியும்? ரெண்டு பக்கமும் பேசி முடிக்கலன்னாங்க."

"யாரு பேசணும்?"

"அதுக்குன்னு இருக்கற ஆளுங்க."

"அவங்க லாரில படுத்திருக்காங்களா எப்பவாவது?"

அப்பா தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான் படுத்திருக்கேன்" என்றாள். "நாலு நாள். அந்த மேஜைக்குப் போய் உக்கார இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி இருக்குப்பா. ஒரே ஒரு வருஷம்."

அடுப்பில் கரி சரிந்த சத்தம் கேட்டது. அப்பா அவள் கையை விடாமலே இடது கையால் தொப்பியைப் பின்னால் தள்ளினார்.

"உன் பெரியப்பாக்கு நான் என்ன சொல்றது? எடத்தப் புடிச்சு வெச்சிருக்கான் மனுஷன்."

"கோடைக்கு மட்டும் நான் வரேன்னு சொல்லுங்க. ரெண்டு மாசம். சீன மொழி பேசிப் பழகினாப்பலயும் இருக்கும். எந்த லாரி எதுக்கு நிக்குதுன்னு பாத்தாப்பலயும் இருக்கும்."

"மூணு மாசம்."

"செப்டம்பர்ல வகுப்பு ஆரம்பிச்சிடும்ப்பா. ரெண்டரை. நாதம் பண்டிகைக்கு மூணு நாள் வீட்டுக்கு வருவேன்."

"அஞ்சு நாள் வரணும்" என்றாள் அம்மா, கிண்ணத்திலிருந்து முகத்தை எடுத்து.

மாவுப் பையைக் கிழித்து விரித்து அதன் பின்பக்கத்தில் அக்கா எழுதினாள். படிப்பு தொடரும். ஜூன் முதல் தேதியிலிருந்து பத்து வாரம். நாதத்துக்கு ஐந்து நாள். அப்பா அதை இரண்டு முறை படித்தார். பிறகு நான்காவதாக ஒன்றைத் தானே எழுதினார்: 'இந்த வீட்டில் யாரும் யார் காலையும் வேண்டுமென்றே மிதிக்கக் கூடாது.' மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்காவது விதியை மட்டும் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு நானும் போட்டேன். அப்படியும் போடலாமாம், அதற்கு அவர்கள் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது. அக்கா சொன்னாள், மறந்துவிட்டேன். அப்பா இரண்டு நாள் நொண்டினார்.

ஜூன் முதல் தேதி காலை லாரி முற்றத்துக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. வழி நல்லபடி அமைய அம்மா சக்கரத்துக்குப் பால் தெளித்தாள். ஓச்சிர் மாமா வேலி வழியாகத் தலையை நீட்டிப் "பமாக்கோ!" என்று வாழ்த்தினார். அக்கா ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, கயிற்றால் கட்டிய ஆறு புத்தகங்களோடு படியில் காலை வைத்தாள்.

பத்து வாரம்தானே. பக்கத்தில் போய் அவள் இன்னொரு காலை மிதித்தேன்.

"நாலாவது விதி!" என்று மேலிருந்து அப்பா கத்தினார்.

"நான் ஏத்துக்கலையே!"

கையை நீட்டினேன். அக்கா படியிலிருந்து இறங்கி வந்து அதைப் பிடித்தாள். அப்பா இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மூன்றாவது தடவை அடித்தபிறகுதான் விட்டாள்.